சிட்டையும் செல்போனும்

எங்கள் அம்மா கீரைக்கட்டை வாழைநாரால் கட்டுவாள். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை, மற்ற நாட்களில் தாம்பரம். மேடவாக்கம் பெரிய ஏரிக்குக் கீழே எங்களுக்கு இருந்தது நாற்பது சென்ட் நிலம். ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல், வற்றினால் கீரையும் கத்தரியும். விடிவதற்குள் பறித்து, கூடைமேல் ஈரச்சாக்கைப் போர்த்தி, முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். கண்டக்டருக்கு ஒரு கட்டு முளைக்கீரை கொடுத்தால் லக்கேஜ் டிக்கெட் பேச்சே எழாது. தாம்பரத்தில் அவளுக்குப் பதினைந்து வீட்டு வாடிக்கை. எந்த வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிறார்கள், எந்த வீட்டில் சர்க்கரை வியாதி, மாதக் கடைசியில் யார் கடன் சொல்வார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். விவசாயியையும் நகரத்தையும் நேரடியாக இணைக்க வேண்டும் என்று இப்போது மேடை போட்டுப் பேசுகிறார்கள். எனக்கு அம்மாவின் கழுத்து வலிதான் ஞாபகம் வரும்.

நான் போன வழி வேறு. 1978இல் கொத்தவால் சாவடியில் ஒரு காய்கறி மண்டியில் சிட்டை எழுதச் சேர்ந்தேன். விவசாயி அனுப்பிய மூட்டைகளின் எடை, விற்ற விலை, கமிஷன், இறக்குக்கூலி, கழிவு எல்லாம் எழுதி, கடைசியில் அவருக்குச் சேர வேண்டிய தொகையைச் சொல்லும் துண்டுக் காகிதம்தான் சிட்டை. எங்கள் மண்டியில் கமிஷன் நூற்றுக்குப் பத்து. ‘கழிவு’ என்கிற கட்டத்தில் என்ன எழுதுவது என்பதை மட்டும் முதலாளி தன் வாயால் சொல்வார். அழுகல், வதங்கல், எடைக் குறைவு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். மதுராந்தகத்துக் கத்தரிக்காய்க்காரர் அதை மறுத்துப் பேச முடியாது. சரக்கு விற்கும்போது அவர் அங்கே இல்லையே.

முதலாளியின் மேஜையில் கறுப்புத் தொலைபேசி ஒன்று இருந்தது. டயலில் சின்னப் பூட்டு, சாவி அவர் இடுப்பில். ஒட்டன்சத்திரத்துக்கும் மதனப்பள்ளிக்கும் டிரங்க் கால் போடுவார், அவசரமென்றால் லைட்னிங் கால். அங்கே தக்காளி என்ன விலை, எத்தனை லாரி கிளம்பியது என்பது ராத்திரியே அவருக்குத் தெரிந்துவிடும். சரக்கை விளைவித்தவருக்கோ நாலு நாள் கழித்து என் கையெழுத்தில் தபாலில் போகும். ஆக, விலை தெரிவதற்கென்று ஒரு கருவி வந்தபோது அது முதலில் மண்டிக்காரர் கைக்குத்தான் வந்தது. செல்போனுக்கும் அதே கதைதான். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று, கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு பேசியது. அப்போது நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை ஆனது, வருகிற அழைப்புக்கும் காசு. அடுத்த ஆண்டு, 1996இல், கொத்தவால் சாவடிச் சந்தை ஜார்ஜ் டவுனின் சந்துகளிலிருந்து கோயம்பேட்டுக்குப் பெயர்ந்தது. புதுக் கடையில் முதலாளி செங்கல் கனத்தில் ஒரு செல்போன் வைத்திருந்தார். மணி அடித்தால் எடுக்காமல் நம்பரை மட்டும் பார்த்துவிட்டுத் தரைவழிப் போனில் திருப்பிக் கூப்பிடுவார்.

அதற்குள் எங்கள் நாற்பது சென்ட்டும் போயிருந்தது. 1994இல் விற்றோம். வேளச்சேரி சாலையோரம் மனை விலை ஏறிய ஏற்றத்தில் கீரை எத்தனை நாள் நிற்கும்?

மண்டியைத் தாண்டி விவசாயியே நேரில் விற்பதற்காக, அரசாங்கம் 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையைத் திறந்தது. பஞ்சாபிலும் ஆந்திராவிலும் அதே மாதிரிச் சந்தைகள் முன்பே இருந்தன. நூறாவது சந்தை சரியாக ஓராண்டில், அம்மா கூடை இறக்கிய அதே பல்லாவரத்தில். விவசாயிக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை, இலவசமாகத் தராசு. மொத்த விலைக்குச் சுமார் இருபது சதவீதம் மேலேயும் சில்லறை விலைக்குப் பதினைந்து சதவீதம் கீழேயும் இருக்கும்படி தினமும் கரும்பலகையில் விலை எழுதுவார்கள். எங்கள் முதலாளி சிரித்தார். “நாலு கூடை கொண்டுவர்றவன் அங்க போவான்டா, நாப்பது மூட்டை வெச்சிருக்கறவன் எங்க போவான்?” என்றார். அகம்பாவம்தான், ஆனால் பொய்யில்லை.

2003இல் செல்போனுக்கு வருகிற அழைப்பு இலவசமானது. மதுராந்தகத்துக்காரர் கைக்கு போன் வந்தது அதற்கப்புறம்தான். ஒரு நாள் மதியம், “கணக்கண்ணே, இன்னிக்கு வெண்டை என்ன போகுது?” என்று என்னையே கேட்டார். ராத்திரி சிட்டையில் வேறு விலை எழுத என் கை கொஞ்சம் தயங்கியது. நான் பார்த்த வரையில் செல்போன் செய்த பெரிய காரியம் அதுதான்.

பொருளாதாரம் படித்த என் மகள் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்வாள். ராபர்ட் ஜென்சன் என்பவர் வடகேரளக் கடற்கரையில் செய்தது, 2007இல் வெளிவந்தது. செல்போன் வந்ததும் மீனவர்கள் கடலில் இருந்தபடியே விலை கேட்டு, நல்ல விலை உள்ள கரைக்குப் படகைத் திருப்பினார்களாம். அவர்கள் லாபம் சராசரியாக எட்டு சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை நாலு சதவீதம் குறைந்தது, வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவது நின்றேபோனது. நான் அவளிடம் சொன்னேன்: படகைத் திருப்பலாம் தாயி, கத்தரித் தோட்டத்தை எங்கே திருப்புவது? லாரி மண்டிக்காரருடையது. பெண் கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணமும் அவருடையது. விலை தெரிந்தாலும் சரக்கு அங்கேதான் போகும்.

2020 மே 5ஆம் தேதி, கொரோனா பரவியதால் கோயம்பேட்டை மூடினார்கள். மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போய்ச் சேர ஒரு வாரம் ஆனது. நான் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தேன். மதுராந்தகத்துக்காரரின் மகன் கூப்பிட்டான். “பெரியப்பா, கத்திரி செடியிலயே முத்துது. அப்பா மாட்டுக்குப் போடச் சொல்றாரு.”

எங்கள் பழைய நிலத்தில் இப்போது நாலு மாடிக் குடியிருப்பு. அதில் ஒரு வீடு என் மகளுடையது. அவள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டாள். மறுநாள் காலை அனுமதிச் சீட்டு ஒட்டிய குட்டியானை வேன் ஒன்று வாசலில் நின்றது. எண்பது கிலோ கத்தரி முக்கால் மணி நேரத்தில் தீர்ந்தது. பையன் கையில் அன்றைக்கே பணம், போன் வழியாக. சிட்டை இல்லை, கமிஷன் இல்லை. அவன் அப்பா போனில் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

மூன்றாவது வாரம் சிக்கல் ஆரம்பித்தது. நாட்டுக் கத்தரி வளைந்திருக்கிறது என்றார் ஒருவர். மூன்று கிலோ கேட்டவர் கதவைத் திறக்கவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் குழுவில் பாதிப் பேர் கைபேசிச் செயலிகளுக்குப் போய்விட்டார்கள். பத்து நிமிடத்தில் கொத்தமல்லி வருகிறது, அதை விளைவித்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அரசு 2018இல் கொண்டுவந்த உழவன் செயலியில் சந்தை விலை, மானியம், வானிலை எல்லாம் பார்க்கலாம். பையன் தினமும் பார்க்கிறான். மிச்சமாகிற பன்னிரண்டு கிலோவை என்ன செய்வது என்பதற்கு அதில் பொத்தான் இல்லை. அந்தப் பன்னிரண்டு கிலோவையும் மண்டி வாங்கிக்கொள்ளும். அடிமாட்டு விலைதான், இருந்தாலும் வாங்கிக்கொள்ளும். முப்பத்தெட்டு வருஷம் அந்தக் கழிவுக் கட்டத்தைத் திட்டிக்கொண்டே எழுதியவன் நான், இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது சனிக்கிழமை மட்டும் வண்டி வருகிறது. இருபத்திரண்டு வீடுகள், முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். மற்ற நாள் சரக்கு பழையபடி கோயம்பேட்டுக்குப் போகிறது. கணக்கு நான்தான் எழுதுகிறேன், போனில் அல்ல, நோட்டில். போன சனிக்கிழமை மூன்று கிலோ வெண்டை மிஞ்சியது. கட்டம் போட்டுக் ‘கழிவு’ என்று எழுதினேன். பையன் எட்டிப் பார்த்துவிட்டு, “அத அடிச்சிடுங்க பெரியப்பா, பாட்டி வீட்டுக்குக் குடுத்துட்டுப் போறேன்” என்று பையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தான். அம்மாவுக்குத் தொண்ணூறு ஆகிறது. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டாள்.