உடற்பயிற்சி விதியும் நோயாளரும்

உடற்பயிற்சி யாவர்க்கும் ஒரே அளவினதன்று என்னும் கருத்துத் தொன்மையானது. ஆயுர்வேத முதனூல்களுள் ஒன்றாகிய சுசுருத சங்கிதை, ஒருவன் தன் வலிமையிற் பாதியளவே பயிலுதல் வேண்டும் என்றும், வயது, வலிமை, உடல், இடம், காலம், உணவு ஆகியவற்றை நோக்கியே பயிலுதல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. ஆயின் இருமல், மூச்சிரைப்பு, உடல்மெலிவு உற்றார்க்கு அந்நூல் பயிற்சியை விலக்குகின்றது. நோயாளரை விலக்கும் இவ்விதி எவ்வாறு மாறிற்று என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் மாரடைப்புற்றோரை வாரக்கணக்கிற் படுக்கையிற் கிடத்துவதே மேனாட்டு மருத்துவர் வழக்கமாக இருந்தது. 1952-இல் அமெரிக்க மருத்துவர்களான லெவைன், லவுன் இருவரும் அன்னாரை நாற்காலியில் அமர்த்தும் முறையை வெளியிட்டனர். அடுத்த ஆண்டு ஜெரி மாரிஸ் குழுவினர், இலண்டன் போக்குவரத்துத் துறையில் 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 31,000 ஆடவரை ஆய்ந்த முடிவுகள் 'லான்செட்' இதழில் வெளிவந்தன. அமர்ந்தே வண்டி செலுத்தும் ஓட்டுநரினும், ஈரடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறியிறங்கும் நடத்துநர்க்கு இதயநோய் குறைவாகவே இருந்தது. நடந்து அஞ்சல் வழங்குவோரையும் அலுவலக எழுத்தரையும் ஒப்பிட்டபோதும் இத்தகைய வேறுபாடே தோன்றிற்று.

இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. 1956-இல் அவர்களே சீருடை அளவுகளை ஆய்ந்து, ஓட்டுநர் இளவயதிலேயே நடத்துநரினும் இடை பருத்திருந்தனர் எனக் காட்டினர். எனவே வேற்றுமை முழுவதும் தொழிலால் விளைந்தது எனல் பொருந்தாது. எனினும் பின்வந்த ஆய்வுகள் பல, உடலுழைப்பின் நன்மையை வலியுறுத்தின.

உலக நலவாழ்வு நிறுவனம் 2010-இல் வயதிற்கேற்ப அளவு வகுத்தது. 2020-இல் வெளியிட்ட நெறிமுறையில் நாட்பட்ட நோயுடையார்க்கும், உடற்குறையுடையார்க்கும், கருவுற்ற மகளிர்க்கும் தனித்தனியே விதி கூறிற்று. வளர்ந்தோர்க்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இருநாள் தசைவலுப் பயிற்சியும் வேண்டும்; 65 வயது கடந்தோர்க்கு இவற்றொடு, வீழாமைப் பொருட்டு, உடற்சமநிலைக்கும் வலுவிற்கும் உரிய பயிற்சி மூன்று நாளேனும் வேண்டும் என்பது அதன் துணிபு. நாட்பட்ட நோயுடையார்க்கும் இயன்றவரை இவ்வளவே கூறப்பட்டது. இயலாதார் தம் ஆற்றலளவிற் செய்க என்பர்.

ஆகவே, 'யார் செய்யலாகாது' என்னும் வினா, 'அவரவர்க்கு எவ்வளவு இயலும்' என்பதாக மாறியமையைக் காண்கிறோம். பழநூலின் விலக்கு பெரிதும் நீங்கிற்று; அவரவர் வலிமையே அளவுகோல் என்னும் அதன் நெறியோ நிலைபெற்றது.