32 வீடுகளுக்கு ஒரு வசனம்

காலையில் ஒரு வேத வசனம், கூடவே ஒரு சின்ன ஜெபம், பிறகுதான் காபி. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் பலருக்கு இது பழகிப்போன விஷயம். ஏதோ ஒரு மடத்தில், உலகத்தை விட்டு ஒதுங்கிய ஒருவர் தியானத்தில் இருந்தபோது இப்படி ஓர் ஏற்பாடு தோன்றியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். மடங்களில் ஜெப வேளைகள் இருந்தன, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் குறித்து, அதை ஊரே ஒரே நாளில் கையில் எடுத்துக்கொள்வது என்கிற ஏற்பாடு பிறந்தது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல் கிடந்த ஒரு கிராமத்தில். ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், செக், போலந்து எல்லைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹெர்ன்ஹூட் அந்த ஊர்.

தொடக்கத்தில் அது ஊரே இல்லை, காடு. 1722 ஜூன் 17 அன்று கிறிஸ்டியான் தாவீது என்ற தச்சர் அங்கே முதல் மரத்தை வெட்டினார். அவரோடு வந்தவர்கள் இன்றைய செக் நாட்டில் இருக்கும் மொராவியாவிலிருந்து எல்லை தாண்டி ஓடிவந்த குடும்பங்கள். 1415இல் உயிரோடு எரிக்கப்பட்ட யான் ஹஸ்ஸின் வழிவந்த பழைய சகோதர சபை அவர்களுடையது. முப்பதாண்டுப் போருக்குப் பிறகு சொந்த மண்ணில் வெளிப்படையாக ஆராதிக்க வழியில்லாமல், நூறு ஆண்டு காலம் வீட்டுக்குள் ரகசியமாக விசுவாசத்தைக் காப்பாற்றி வந்தவர்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தவர் 22 வயது ஜமீன்தார், கோமகன் நிக்கோலாஸ் லூத்விக் ஃபொன் சின்சென்டார்ஃப். பெர்தெல்ஸ்டார்ஃப் பண்ணையைத் தன் பாட்டியிடமிருந்து வாங்கியிருந்த புதிது.

இந்த இளைஞருக்கும் நம் தரங்கம்பாடிக்கும் தொடர்பு உண்டு. பத்து வயதில் ஹாலே நகரில் ஃபிராங்கே நடத்திய பள்ளியில் சேர்க்கப்பட்டவர் அவர். தரங்கம்பாடிக்குச் சீகன்பால்குவை அனுப்பிய மிஷனுக்கு ஹாலேதான் தாய்வீடு. தமிழ்நாட்டிலிருந்து வந்த கடிதங்கள் அங்கே சாப்பாட்டு மேசையில் வாசிக்கப்பட்டன, திரும்பி வந்த மிஷனெரிகளும் அதே மேசையில் உட்கார்ந்தார்கள். அதையெல்லாம் கேட்டு வளர்ந்த பையன் சின்சென்டார்ஃப்.

ஹாலேயில் அந்த நாட்களில் நடந்த இன்னொரு காரியம் இந்தக் கதைக்கு இன்னும் முக்கியம். தினமும் வேதம் வாசிக்கச் சொல்வது எளிது, ஆனால் வீட்டில் வேதம் இருந்தால்தானே? கான்ஸ்டைன் என்ற பிரபு 1710இல் அங்கே ஒரு வேதாகம நிறுவனத்தைத் தொடங்கினார். ஒருமுறை கோத்த ஈய எழுத்துகளைக் கலைக்காமல் அப்படியே வைத்திருந்து, தேவைப்படும் போதெல்லாம் திரும்ப அச்சடிப்பது அவருடைய யோசனை. விலை சரிந்தது. பெரும்பாலும் பிரபுக்களும் போதகர்களும் வைத்திருந்த புத்தகம், நெசவாளி வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்தது. தரங்கம்பாடியிலும் இதே காலத்தில் இதே வேலைதான் நடந்துகொண்டிருந்தது. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அச்சகம் இல்லாமல் தினசரி வேத வாசிப்பு என்ற பழக்கம் சாதாரண வீடுகளுக்குள் வந்திருக்காது. பக்தியை மட்டும் பேசிவிட்டு ஈய எழுத்தை மறந்துவிடுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

சரி, ஹெர்ன்ஹூட்டுக்கு வருவோம். அடைக்கலம் தேடி வந்தவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் அல்ல. மொராவியர் ஒரு பக்கம், லூத்தரன்கள் ஒரு பக்கம், வேறு குழுக்களிலிருந்து மனம் கசந்து வந்தவர்கள் இன்னொரு பக்கம். ஆராதனை முறையில் தகராறு. போதகர் ரோத்தே மீது குறை. இடம் கொடுத்த கோமகனையே வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகம் என்று ஒருவர் பிரசங்கிக்க, அதை நம்பவும் ஆள் இருந்தது! விசுவாசத்துக்காக வீடு வாசலை விட்டு வந்தவர்கள்தான் இவர்கள். துன்பத்தைத் தாங்குகிற பலம் வேறு, பக்கத்து வீட்டுக்காரனைத் தாங்குகிற பலம் வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

டிரெஸ்டன் அரசவையில் வேலை பார்த்துவந்த சின்சென்டார்ஃப், 1727இல் அதை ஒதுக்கிவைத்துவிட்டு ஊரிலேயே வந்து தங்கினார். வீடு வீடாகப் போய்ப் பேசினார். மே 12 அன்று ஊருக்கான ஒழுங்குகளை எழுதி, எல்லாரையும் ஒப்புக்கொள்ள வைத்தார். சின்னச் சின்னக் குழுக்களாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் மனம் திறந்து பேசும் வழக்கம் தொடங்கியது. ஆகஸ்ட் 13 அன்று பெர்தெல்ஸ்டார்ஃப் கோயிலில் நடந்த திருவிருந்தில், அதுவரை பேசாமல் இருந்தவர்கள் அழுது ஒப்புரவானார்கள். மொராவிய சபை அந்த நாளை இன்றும் நினைவுகூர்கிறது. அதே மாதம் 27ஆம் தேதி மணிக்கு ஒருவராக இரவும் பகலும் ஜெபிக்கும் சங்கிலி தொடங்கி, நூறு ஆண்டுகளுக்கு மேல் அறுபடாமல் போனது.

பொதுவாக இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஆகஸ்ட் 13ஐயும் ஜெபச் சங்கிலியையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். எழுப்புதல் கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. கண்ணீர்விட்டு ஒப்புரவான இரண்டு பேர் மறுநாள் காலையில் அதே கிணற்றடியில்தானே சந்திக்க வேண்டும்? ஒரு நாள் உருக்கம் ஒரு வருஷத்துக்கு எப்படித் தாங்கும்? இந்தக் கேள்விக்குச் சின்சென்டார்ஃப் கண்ட பதில்தான் தினசரி வசனம்.

1728 மே 3. ஹெர்ன்ஹூட்டில் மாலைவேளை பாடல் கூடுகை. அது முடியும்போது கோமகன், மறுநாளுக்கென்று ஒரு வரியைச் சபைக்குக் கொடுத்தார். இரவுக் காவலில் நிற்கும் வீரர்களுக்கு அன்றன்றைக்குத் தரப்படும் அடையாளச் சொல்லின் பெயரையே அதற்கும் வைத்தார்கள்: லோசுங். இதில் ஒரு வேடிக்கை, அந்த முதல் வரி வேத வசனமே அல்ல. ஒரு ஞானப்பாட்டின் வரி. கிறிஸ்துவைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்தது அன்புதான் என்று சொல்லி, அப்படியிருக்க நான் அவரை நேசிக்க வேண்டாமா என்று முடியும். ஆறுதல் சொல்லவும் இல்லை, வாக்குக் கொடுக்கவும் இல்லை. கேள்வி கேட்டது.

ஊரில் அப்போது 32 வீடுகள். காலையில் ஒரு சகோதரர் கிளம்பி வீடு வீடாகப் போய் அன்றைய வரியைச் சொல்வார். தபால்காரர்போலப் போட்டுவிட்டுப் போகிற வேலை இல்லை அது. உள்ளே போய், உடம்பு எப்படி, மனசு எப்படி என்று விசாரிக்க வேண்டும். வசனத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் மனஸ்தாபம் என்று கேட்டறிந்து சபையின் பொறுப்பாளர்களிடம் சொல்ல வேண்டும். இந்த வேலையை ஒருவர் மாற்றி ஒருவர் செய்தார்கள். போன வாரம் யாரோடு முறைத்துக்கொண்டாரோ, இந்த வாரம் அவர் வீட்டுக் கதவையும் தட்டியாக வேண்டும். கையில் வசனம் இருக்கிறது, தட்டாமல் தப்பிக்க முடியாது. வீட்டுக்குள் இருப்பவருக்கும் அதே நிலைமைதான். நற்குணம் வளர்வது பற்றி நூறு பிரசங்கம் செய்வதைவிட இந்த ஓர் ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது என்பேன். பொறுமை, மன்னிப்பு என்று நாம் பெயர் சொல்லும் குணங்களைத் தனியறையில் வளர்க்க முடியாது. பொறுத்துக்கொள்ள எதிரே ஓர் ஆள் வேண்டும்.

மூன்று ஆண்டுகள் வாய்மொழியாக நடந்த பிறகு, 1731ஆம் ஆண்டுக்கான வசனங்கள் முதன்முறையாகப் புத்தகமாக அச்சாயின. நல்ல வேளையாக அப்போதே வந்தது. ஏனென்றால் அடுத்த ஆண்டே ஊர் உலகெங்கும் சிதறத் தொடங்கியது. 1732இல் லியோன்ஹார்ட் டோபர் என்ற குயவரும் டேவிட் நிச்மன் என்ற தச்சரும் மேற்கிந்தியத் தீவான செயின்ட் தாமஸில் இருந்த அடிமைகளிடம் போனார்கள். 1733இல் கிரீன்லாந்துக்கு ஒரு குழு. பிறகு சூரினாம், தென்னாப்பிரிக்கா. கிரீன்லாந்துக் கதவைத் தினமும் தட்ட ஆள் அனுப்ப முடியாது. ஆனால் ஒரே நாளில் எல்லாரும் ஒரே வசனத்தைத் திறக்க முடியும். பனிப்பாலையில் இருப்பவருக்கும் கரும்புத் தோட்டத்தில் இருப்பவருக்கும் ஹெர்ன்ஹூட்டில் விட்டுவந்த அம்மாவுக்கும் இன்றைக்கு ஒரே வரி. 1760இல் தரங்கம்பாடிக்கும் ஒரு குழு வந்து இறங்கியது. நிக்கோபார் தீவுகளுக்குப் போவதுதான் அவர்கள் முதல் நோக்கம். ஏற்கெனவே அங்கிருந்த ஹாலே மிஷனெரிகளுக்கு அவர்களைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, அது தனிக் கதை. காய்ச்சலில் பலரைப் பறிகொடுத்து, 1803 வாக்கில் அவர்கள் தரங்கம்பாடியில் தங்கியிருந்த தோட்டத்தையும் விட்டுப் போனார்கள்.

புத்தகம் வந்ததில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. கதவைத் தட்டும் ஆள் காணாமல் போனார். வசனம் வந்தது, விசாரிப்பு நின்றது. இன்று காலை ஐந்தரைக்கே வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு வந்து விழும் வசனத்துக்கும் அதை அனுப்பியவருக்கும் நமக்கும் நடுவே எந்தப் பேச்சும் நடக்காமல் போவதன் தொடக்கம் ஒருவகையில் 1731தான்.

வசனம் தேர்ந்தெடுக்கும் முறையையும் சொல்ல வேண்டும். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் ஹெர்ன்ஹூட்டில் சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். பழைய ஏற்பாட்டிலிருந்து எண்ணிட்டு வைத்திருக்கும் சுமார் 1,800 வசனங்களில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சீட்டு எடுப்பார்கள். பல மொழிகளில் பெயர்த்து அச்சிட நேரம் வேண்டும் என்பதால் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே குலுக்கல் முடிந்துவிடும். அதோடு நின்றிருந்தால் வெறும் குலுக்கல். ஆனால் சீட்டில் வந்த வசனத்துக்குப் பொருந்துகிற புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆட்கள் உட்கார்ந்து யோசித்துத் தேடுகிறார்கள். பிறகு ஒரு பாடல் வரியோ ஜெபமோ சேரும். நமக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொள்ள முடியாதபடி சீட்டு தடுக்கிறது, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு மனம்போனபடி பொருள் சொல்லாதபடி யோசனை தடுக்கிறது. இப்போது ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வருகிறது.

இந்தச் சின்னப் புத்தகத்தின் வாசகர்களில் ஒருவர், ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர் டீட்ரிஷ் போன்ஹோஃபர். 1939 ஜூனில் நியூயார்க்கில் பாதுகாப்பாக இருந்தபோது, ஜெர்மனிக்குத் திரும்புவதா வேண்டாமா என்று தவித்த நாட்களின் குறிப்பில் அன்றன்றைய வசனங்கள் வருகின்றன. திரும்பினார். நாஜிச் சிறையிலிருந்து நண்பர் பேத்கேக்கு எழுதிய கடிதங்களிலும் அவை வருகின்றன. நண்பரும் அதே நாளில் அதே வசனத்தைத்தான் படித்துக்கொண்டிருப்பார் என்பது இருவருக்கும் தெரியும். 1945 ஏப்ரல் 8, ஞாயிறு, சக கைதிகளுக்காக அவர் நடத்திய கடைசி ஆராதனையில் எடுத்துப் பேசியதும் அன்றைய வசனங்களைத்தான்: ஏசாயா 53, 1 பேதுரு 1. மறுநாள் ஃபிளாசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

ஒரு வரி போதுமா என்ற கேள்வியும் நியாயமானது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மக்செயின் 1842 முடிவில் தன் சபையாருக்கு ஓர் அட்டவணை கொடுத்தார். ஆண்டுக்குள் பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை. இன்றும் பல சபைகளில் புழங்குகிறது. எனக்கு அவரிடம் பிடித்தது, அட்டவணையோடு சேர்த்தே அதிலுள்ள ஆபத்துகளையும் எழுதிக் கொடுத்த நேர்மை: சடங்காகிப் போகும், முடித்துவிட்டோம் என்ற கர்வம் வரும், அவசரமாக ஓட்டத் தோன்றும், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகும். கோடு போட்டுக் கட்டம் அடிக்கிற யாரும் இதை மறுக்க முடியாது. முழு வேதமும் தெரியாதவர் கையில் தனி வசனம் எப்படி வேண்டுமானாலும் வளையும் என்பதும் உண்மை. இரண்டும் வேண்டும் என்பதே என் கட்சி.

நம் சபைகளில் புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை தருகிறோம். சில வீடுகளில் வாக்குத்தத்தப் பெட்டியிலிருந்து பிள்ளைகள் சீட்டு எடுப்பார்கள். ஹெர்ன்ஹூட் குலுக்கலுக்கு இது தூரத்துச் சொந்தம் மாதிரி தெரிந்தாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நம் பெட்டிகளில் ஆசீர்வாதம் மட்டும்தான் இருக்கும், உன் சகோதரன் எங்கே என்று கேட்கிற வசனம் ஒன்றுகூட இருக்காது. அதனால்தான் அட்டை ராசிபலன் ஆகிவிடுகிறது. இந்த வருஷம் எனக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறோம்.

2024 ஜூலையில் புதுடெல்லியில் கூடிய யுனெஸ்கோ குழு, ஹெர்ன்ஹூட்டை உலகப் பாரம்பரிய இடங்களில் சேர்த்தது. ஊருக்கு அது பெருமைதான். ஆனால் அங்கிருந்து நாம் வாங்கிக்கொள்ள வேண்டியது வேறு. அடுத்த புத்தாண்டு ஆராதனையில் அட்டை கைக்கு வந்ததும் உடனே பர்சில் வைக்காதீர்கள். ஒரு வருஷமாகப் பேசாமல் இருக்கிற ஒருவர் நிச்சயம் அதே கோயிலில் எங்கேயாவது உட்கார்ந்திருப்பார். அவரிடம் போய், "உங்களுக்கு என்ன வசனம் வந்திருக்கு?" என்று கேளுங்கள்.