அம்பாஸிடரும் மாருதியும்

மோட்டார் வாகனத்தின் வல்லமையை எஞ்சினின் கொள்ளளவாலும் குதிரைசக்தியாலும் மட்டுமே மதிப்பிடுகிறவர்கள், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாஸிடரையும் அதற்குக் கால் நூற்றாண்டு பிந்திய மாருதி 800-ஐயும் காகிதத்தில் ஒப்பிட்டால், மூத்ததற்கே முதல் ஸ்தானம் கொடுத்துவிடுவார்கள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை மூலமாகக் கொண்டு, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதியில் உற்பத்தியாகத் தொடங்கிய அம்பாஸிடருக்கு, 1959 முதல் வாய்த்தது 1,489 சி.சி. எஞ்சின், அதன் சக்தி 50 குதிரைகளுக்குக் குறையாது. 1983 டிசம்பரில் பிரதமர் இந்திரா காந்தியின் கையால் முதல் சாவி வழங்கப்பெற்ற மாருதிக்கோ, சுஸுகி தந்த மூன்று சிலிண்டர், 796 சி.சி., 40-க்கும் குறைந்த குதிரைசக்தி.

ஆனால் சாலையில் முந்தியது சிறியதுதான். ஏனெனில் அம்பாஸிடரின் எடை 1,100 கிலோவுக்கு மேல். மாருதியுடையது 650 கிலோவை ஒட்டியது. ஒரு குதிரை இழுக்க வேண்டிய பாரம் முன்னதில் 20 கிலோவைத் தாண்ட, பின்னதில் 17 கிலோ அளவிலேயே நின்றது. நீளவாக்கில் அமைந்த எஞ்சினிலிருந்து நெடிய புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின்சக்கரங்களுக்குச் சக்தியை அனுப்பிய அம்பாஸிடரின் ஏற்பாட்டைக் கைவிட்டு, எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களையே சுழலச் செய்த யுக்தியும் அந்த லாகவத்துக்கு ஒரு காரணம்.

இதனால் அம்பாஸிடரை அசமந்தம் என்று ஒதுக்குவது நியாயமன்று. பெஞ்சு போன்ற முன் ஸீட்டும், ஸ்டீரிங் தண்டிலேயே பொருத்திய கியரும் இருந்தபடியால், டிரைவர் கதவோடு ஒட்டிக்கொண்டு உட்கார, அவர் பக்கத்தில் இருவர், பின்னால் மடியில் குழந்தைகளோடு நால்வர், டிக்கியில் கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள் என்று ஏற்றிக்கொண்டு, பட்டை ஸ்பிரிங்குகள் முனக, குண்டும் குழியுமான சாலையில் அது போய்ச் சேர்ந்துவிடும். ஐந்து பேரைச் சுமந்து மலைப்பாதையில் ஏறும் மாருதியிலோ, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கியரைக் குறைப்பதோடு, ஏ.ஸி.யையும் நிறுத்தினால்தான் எஞ்சினுக்கு மூச்சு வரும். சுமைக்கென்று பிறந்ததும் சிக்கனத்துக்கென்று பிறந்ததும் வேறு வேறு ஜாதி.

அம்பாஸிடரின் உண்மையான குறை வேறொன்று என்பது என் அபிப்பிராயம். 1950-களில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டு வெளியேறியபின், கார் உற்பத்திக்கு அனுமதி பெற்ற நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாகச் சுருங்கிவிட, பணம் கட்டிய வாடிக்கையாளரே வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்த காலத்தில், வாகனத்தைத் திருத்த வேண்டிய நிர்ப்பந்தம் யாருக்கும் நேரவில்லை. முகப்பு வலையை மாற்றி மார்க் 2, மார்க் 3 என்று பெயரிடுவதே பெரிய சீர்திருத்தமாயிற்று. மாருதி வந்து விற்பனையைப் பறித்துக்கொண்ட பிறகுதான், 1990-களின் தொடக்கத்தில், இஸுஸுவின் 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர்களும் அம்பாஸிடருக்குக் கிட்டின. சுமார் 75 குதிரைசக்தியோடு அது மாருதிக்கு ஈடுகொடுத்து ஓடத் தொடங்கிய வேளையில், சொந்தக்கார் வாங்கும் குடும்பங்கள் அதை விட்டு விலகியிருந்தன. சர்க்கார் அலுவலகங்களும் டாக்ஸிக்காரர்களுமே அதற்குப் பெரும்பாலும் மிஞ்சிய ஆதரவாளர்கள். எனினும் 2014 ஜனவரியில் மாருதி 800-இன் உற்பத்தி நின்றபின்னும், மே மாதம் வரை உத்தரபாராவில் அம்பாஸிடர் தயாராகிக்கொண்டுதான் இருந்தது.