சிறகுச் சின்னம் யாருக்கு?

பணம் கொடுத்து விண்வெளிக்குச் சென்று மீள்பவரை விண்வெளி வீரர் எனலாமா? இவ்வினாவுக்கு ஐக்கிய அமெரிக்காவில் ஒரு முன்கதை உண்டு. அங்கே 50 மைல் உயரமே விண்வெளியின் எல்லையாகக் கொள்ளப்பட்டது. 1960களில் எக்ஸ்-15 என்னும் றொக்கற் விமானத்தில் அவ்வெல்லையைக் கடந்தோர் எண்மர். அவர்களுள் விமானப்படையினர் ஐவருக்கு வீரர்க்குரிய சிறகுச் சின்னம் உரியதாயிற்று. நாசாவின் ஊழியர் மூவருக்கோ கிட்டவில்லை. படைசாராதோர்க்கு அத்தகைய சின்னம் அந்நாளில் இல்லையாம். அதே விமானம், அதே ஆபத்து. சம்பளம் கொடுத்த இடம் மாத்திரம் வேறு! அம்மூவருள் ஜோசப் வாக்கர் 1963இல் இருமுறை 100 கிலோமீற்றருக்கும் மேலே சென்றவர். 1966இல் வான்விபத்தொன்றில் மாண்டார். மூவருக்கும் சின்னம் வழங்கப்பட்டது 2005இலேயே. அதனைப் பெற உயிரோடிருந்தவர் வில்லியம் டேனா ஒருவரே.

2021 யூலை 20ஆந் திகதி பெருஞ்செல்வர் ஜெவ் பெசோஸ், தாமாகவே இயங்கும் கலமொன்றிற் பத்து நிமிடப் பயணஞ் செய்து மீண்டார். அன்றே சமஷ்டி விமானப் போக்குவரத்து நிருவாகம் புதுவிதி விதித்தது: உயரம் மாத்திரம் போதாது, பொதுமக்களின் பாதுகாப்புக்கு இன்றியமையாததோ, மனிதரின் விண்பயணப் பாதுகாப்புக்கு உதவுவதோ ஆன செயலொன்றைப் பயணத்தின்போது புரிந்திருத்தல் வேண்டும். தொழிலை அளவுகோலாக்கிய அவ்விதி நேரியதே. ஆயினும் அதனை இயற்றியோரே அதில் நிலைத்து நின்றாரல்லர். அவ்வாண்டு டிசெம்பரிற் பெசோசுக்கும் சின்னம் அளித்துவிட்டு, அத்திட்டத்தையே முடித்துக்கொண்டனர். அதன்பின், அந்நிருவாகத்தின் அனுமதி பெற்ற கலங்களில் எல்லை கடந்தோர்க்குச் சின்னமில்லை. பட்டியலிற் பெயர் மாத்திரமே.