இடையஞ்சாவடி

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே செம்மண் மேட்டில் அமைந்துள்ள வேளாண் சிற்றூர். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவில் இதை ஒட்டி வளர்ந்ததால், பயிர்த்தொழிலோடு கட்டுமானம், கைவினை முதலிய கூலி வேலைகளும் இவ்வட்டாரத்தாரின் வருவாயாயின.

வேளாண்மை: முந்திரியும், மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலையும் இம்மண்ணுக்கேற்ற பயிர்கள். கோடையில் உதிரும் முந்திரிப் பழங்களைப் பொறுக்கி, அடியிலுள்ள கொட்டையைத் திருகியெடுத்து வெயிலில் உலர்த்துவர். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரைகடந்த தானே புயல் இக்கரையோர மாவட்டங்களின் முந்திரித் தோப்புகளைப் பெருமளவில் சாய்த்தது. புதுக்கன்றுகள் காய்க்கச் சில ஆண்டுகள் பிடிக்குமாதலால், அந்த இழப்பு ஒரு பருவத்தோடு முடியவில்லை. வடக்கே மரக்காணத்தில், உப்புநீரைப் பாத்திகளில் பாய்ச்சி வெயிலில் வற்றவைக்கும் உப்புத்தொழில் நடைபெறுகிறது. பயிருக்கு உயிரான வடகிழக்குப் பருவமழை உப்பளத் தொழிலாளருக்கு வேலையற்ற காலமாகிறது.

நிறுவனங்கள்: இத்தகைய சிற்றூர்களின் பொதுவாழ்வைத் தாங்குபவை, 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் ஊராட்சி, வாக்காளர் அனைவரும் உறுப்பினராகும் கிராம சபை, பயிர்க்கடன் வழங்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், நியாயவிலைக் கடை ஆகியன. திண்டிவனம், விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில், வியாபாரிகள் ஒருவர் விலையை மற்றவர் அறியாதவாறு எழுதித்தரும் மறைமுக ஏலத்தில் விளைபொருள்கள் விற்கப்படுகின்றன.

கோயில்: அண்மையிலுள்ள இரும்பை மாகாளேசுவரர் கோயில், திருஞானசம்பந்தர் பாடிய தொண்டைநாட்டுத் தலம்.