மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனில் தெளிவற்ற சொற்கள்

மருத்துவர் பேசிப் பதிவு செய்த குறிப்பை எழுத்தாக்கும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பணியில், சரியாகக் காதில் விழாத சொல்லைக் கண்டறிவதே கடினமான பகுதி. 1990களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க மருத்துவர்களின் பதிவுகள் சென்னை, பெங்களூரு அலுவலகங்களில் இரவு ஷிப்டுகளில் தட்டச்சாயின. வேகப் பேச்சு, பழகாத உச்சரிப்பு, பின்னணி இரைச்சல் எல்லாம் சேர்ந்தே வரும்.

கால் பெடலால் ஒலியைப் பின்னோக்கி ஓட்டி, வேகத்தைக் குறைத்துக் கேட்பார்கள். அதைவிட மருத்துவ அறிவே அதிகம் கைகொடுக்கும். செலிப்ரெக்ஸ், செலெக்ஸா, செரிபிக்ஸ் மூன்றும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவது மூட்டுவலிக்கு, அடுத்தது மனச்சோர்வுக்கு, கடைசியானது வலிப்புக்கு. நோய் இன்னதென்று தெரிந்தால் மருந்தும் பிடிபடும். ஹைப்பர்டென்ஷனா ஹைப்போடென்ஷனா என்ற ஐயத்தை அருகில் வரும் இரத்த அழுத்த அளவு தீர்த்துவிடும். எண்கள்தான் வில்லங்கம்: ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் மயங்கினால் 15 மில்லிகிராம் 50 ஆகிவிடும்.

எதுவும் உதவாதபோது ஊகித்து எழுதக் கூடாது என்பது தொழிலின் கண்டிப்பான விதி. அந்த இடத்தை வெற்றாக விட்டு, ஒலிப்பதிவில் அது வரும் நேரத்தைக் குறித்துத் தரச் சோதனைக்கு அனுப்புவர். அங்கும் தீராவிட்டால் பேசிய மருத்துவரே நிரப்புவார்.