பொன்னில் படிந்த நிறம்

பொன் நிறம் மாறாதது என்னும் நம்பிக்கை நம் மொழியிலேயே ஊறிக் கிடக்கிறது. குணத்தில் குறைவில்லாத ஒருவரைப் பத்தரைமாற்றுத் தங்கம் என்று புகழ்கிறோம். காலத்தால் கறைபடாத எதனையும் பொன்னோடு ஒப்பிட்டுப் பேசுகிறோம். ஆயினும், நம் முன்னோர் பெட்டகத்தில் காத்து வைத்த பழைய பவுன் காசைக் கையில் எடுத்துப் பார்த்தால், சில வேளைகளில் அதன் விளிம்பிலோ எழுத்துகளின் ஓரத்திலோ ஒரு செந்நிறச் சாயல் படிந்திருக்கக் காண்கிறோம். உடனே அதனை அழுக்கென்று எண்ணிப் பூந்திக்கொட்டை ஊறிய நீரில் இட்டுத் தேய்க்க முற்படுகிறோம். தேய்ப்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள நாம் மறந்துவிடுகிறோம்: நாம் துடைத்தெறிவது அழுக்கா, வரலாறா?

கலப்பற்ற பொன்னைக் காற்றும் நீரும் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் பழங்காலத்துக் காசுகளுள் பெரும்பாலானவை கலப்பற்ற பொன்னால் ஆனவை அல்ல. தனிப்பொன் மென்மையானது, கைமாறிக் கைமாறித் தேய்ந்து போகும். ஆகவே உறுதிக்காக அதில் செம்போ வெள்ளியோ சேர்த்தனர். நாம் சவரன் என்று வழங்கும் ஆங்கிலேயரின் பொற்காசில் பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு பொன். எஞ்சிய ஒரு பங்கு பெரும்பாலும் செம்பு. 1837ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் வந்த அமெரிக்கப் பொற்காசுகளில் பத்துக்கு ஒன்பது பங்கு பொன். நிறம் மாறுவது பொன் அன்று. அதனோடு கூடி வாழும் செம்பும் வெள்ளியுமே காற்றோடும் கந்தகத்தோடும் வினைபுரிந்து மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படர்கின்றன. செம்பு சரியாகக் கலவாமல் திரண்டு நின்ற இடத்தில் செம்புள்ளி தோன்றுகிறது. படலம் மிக மெல்லியதாயின், ஒளி அதன் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பி, சவர்க்காரக் குமிழியிலும் மழைநீரில் மிதக்கும் எண்ணெயிலும் நாம் காணும் வண்ணங்களைக் காட்டுகிறது. படலத்தின் கனம் மாற மாற நிறமும் மாறும்.

இன்னொரு வகை நிறமும் உண்டு. அது வெளியிலிருந்து வந்து ஒட்டுவது. 1857ஆம் ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியாவின் பொன்னை ஏற்றி வந்த 'சென்ட்ரல் அமெரிக்கா' என்னும் நீராவிக் கப்பல், அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் சூறாவளியில் சிக்கி நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களோடு மூழ்கியது. 1988இல் இரண்டு கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டபோது, பொற்காசுகள் சிலவற்றின்மேல் துரு படிந்திருந்தது. பொன் துருப்பிடிக்கவில்லை, மடிந்த கப்பலின் இரும்பு தன் துருவைப் பொன்னின்மேல் விட்டுச் சென்றிருந்தது.

இவ்விரு வகைகளையும் அறிந்த பின்னரும் நம்மை வியப்பில் ஆழ்த்தும் காசுகள் சில உண்டு. அவை உரோமைப் பேரரசின் பொற்காசுகள். முதல் நூற்றாண்டில் உரோமையர் அடித்த 'அவுரேயுசு' என்னும் காசு ஏறத்தாழக் கலப்பற்ற பொன். எடையிலோ நம் ஒரு சவரனுக்குச் சற்றே குறைவு. இத்தகைய பொன்னில் நிறம் படிவதற்கு இடமே இல்லை என்றுதான் எவரும் சொல்வர். ஆயினும் அவற்றுள் சில, செம்மையும் ஊதாவும் கலந்த ஆழ்ந்த நிறத்தோடு, அந்திவானம்போல் ஒளிர்கின்றன. காசு ஆய்வோர் அந்த நிறத்திற்கு ஓர் ஊரின் பெயரையே இட்டு வழங்குகின்றனர். அவ்வூர் பொஸ்கோரியாலே.

இத்தாலியில் வெசுவியு எரிமலையின் அடிவாரத்தில், பொம்பெய் நகருக்கு வடக்கே உள்ளது அச்சிற்றூர். 1895ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கு மண்ணுள் புதைந்திருந்த பழைய பண்ணை வீடொன்றை அகழ்ந்தனர். அது திராட்சை பிழிந்து இரசம் வடித்த வீடு. இரசம் பிழியும் அறையின் தொட்டியில் நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளிக் கலங்களும், ஏறத்தாழ ஆயிரம் பொற்காசுகளும் கிடைத்தன. ஒரு பொற்காசுக்கு நூறு செஸ்தர்சு என்பது அக்கால மதிப்பு; ஆக, அந்தத் தொட்டியில் கிடந்தது ஓர் இலட்சம் செஸ்தர்சு. வெள்ளிக் கிண்ணங்கள் இரண்டில் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டிருந்தன; மெய்யியலாரும் கவிஞரும் இறுதியில் எலும்பே என்று விருந்தினருக்கு நினைவூட்டும் கிண்ணங்கள் அவை. கி.பி. 79இல் எரிமலை வெடித்த அந்நாளில், யாரோ ஒருவர் தம் செல்வத்தையெல்லாம் அள்ளி அந்தத் தொட்டியில் இறக்கி வைத்தார். அமளி ஓய்ந்தபின் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருப்பார். ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளாக எடுக்க எவரும் வரவில்லை.

எரிமலையின் வெப்பமும் கந்தக ஆவியும், பின்பு மூடிய சாம்பலுமே அக்காசுகளுக்கு அந்நிறத்தைத் தந்தன என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கருத்து. ஏறத்தாழத் தூய பொன்னிலும் எஞ்சி நின்ற சிறிதளவு வெள்ளியும் செம்பும் அதற்குப் போதுமாயிருந்தன. நீரோவின் முகமும் வெஸ்பாசியானின் முகமும் ஒரே தீயின் நிறத்தை ஏற்றன.

இங்கே நாம் ஒருவரை நினைக்க வேண்டும். இயற்கை வரலாறு என்னும் பெருநூலை இயற்றிய மூத்த பிளினி, பொன்னின் சிறப்பை ஆராயும்போது, தீயில் இட்டாலும் குறைவுபடாததும் துருவோ களிம்போ ஏறாததும் பொன்னே என்று எழுதினார். அவரே அப்போது மிசேனம் துறைமுகத்தில் உரோமைக் கடற்படையின் தலைவர். வெசுவியு வெடித்தபோது, மக்களைக் காப்பாற்றக் கப்பல்களைச் செலுத்திச் சென்ற அவர், ஸ்தாபியே கரையில் மூச்சடைத்து மாண்டார். பொன்னில் எதுவும் படியாது என்று எழுதிய அறிஞரைக் கொன்ற அதே மலை, அங்கிருந்து சில கல் தொலைவிலேயே பொன்னில் தன் கையொப்பத்தை இட்டுக்கொண்டிருந்தது. பிளினி சொன்னது பொய்யன்று. பொன் குறையவில்லை, எடையும் மாற்றும் கெடவில்லை. ஆனால் கெடாத ஒன்றும் தான் கண்டதைத் தன்மேல் எழுதி வைத்துக்கொள்ளக்கூடும் என்பதை அவர் அறிய வாய்ப்பில்லாது போயிற்று.

அதே பிளினிதான் இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தர்சை உரோமையிடமிருந்து ஈர்த்துக்கொள்கிறது என்று குறைபட்டவர். யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதை நம் அகநானூறும் கூறுகிறது. அந்தப் பொன்னின் ஒரு பகுதி 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கறுக்காக்குறிச்சி என்னும் ஊரில் வெளிப்பட்டது. 501 பொற்காசுகள்; கடைசியாக வந்தவை வெஸ்பாசியான் காலத்தவை. பொஸ்கோரியாலேயின் தொட்டியில் கிடந்தவற்றின் உடன்பிறப்புகள் என்றே அவற்றைச் சொல்லலாம். ஆனால் இவற்றின்மேல் எரிமலையின் நிறம் இல்லை. அதற்கு மாறாக, பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியின் வெட்டு இருந்தது. உள்ளே ஈயமோ செம்போ உண்டா என்று சோதித்த வெட்டு என்பர் சிலர். இனி இது காசன்று, வெறும் பொன்னே என்று காட்டிய வெட்டு என்பர் வேறு சிலர். எதுவாயினும், ஒரே காலத்துக் காசுகளில் ஒரு தொகுதி தீயின் சுவட்டையும், மற்றொன்று உளியின் சுவட்டையும் தாங்கி நம்மிடம் வந்தன. முகமும் எழுத்தும் அவை எங்கே பிறந்தன என்பதைச் சொல்கின்றன. சுவடுகளோ அவை எங்கே வாழ்ந்தன என்பதைச் சொல்கின்றன.

பொஸ்கோரியாலே செல்வத்தின் பிற்காலக் கதை மகிழ்ச்சி தருவதன்று. அது இத்தாலியை விட்டுப் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. வெள்ளிக் கலங்களுள் பெரும்பாலானவற்றை எட்மண்ட் தெ ரோத்சில்டு வாங்கி லூவர் அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். ஆகவே அவை ஒன்றாக நிற்கின்றன. பொற்காசுகளோ பல கைகளுக்கு விற்கப்பட்டுச் சிதறின. எந்தக் காசு அந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்று காட்ட, பலவற்றிற்கு அந்நிறத்தைத் தவிர வேறு சான்று இல்லை. மினுக்கம் வேண்டித் தேய்க்கப்பட்ட காசு அந்தச் சான்றையும் இழந்தது. இக்காலத்திலோ அந்நிறத்திற்கு மிகுந்த விலை கிடைப்பதால், வெப்பத்தாலும் மருந்தாலும் அதனைப் போலியாக ஏற்றும் கைகளும் உண்டு. ஒருவர் உண்மையான சாட்சியின் வாயை அடைக்கிறார். மற்றவர் பொய்ச்சாட்சியை நிறுத்துகிறார். இருவராலும் இழப்பு ஒன்றே.

தேங்கிக் கிடக்கும் பொன்னிலும் வெள்ளியிலும் ஏறும் துருவே, அவற்றைக் குவித்தவருக்கு எதிரான சான்றாகும் என்று யாக்கோபு தம் திருமுகத்தில் எச்சரித்தார். பொஸ்கோரியாலேயின் நிறத்தை நாம் அவ்வளவு கடுமையாகப் படிக்க வேண்டுவதில்லை. தொட்டியில் பையை இறக்கிய அந்த மனிதரின் பெயரை அக்காசுகள் சொல்லவில்லை. அவர் அஞ்சிய அந்த நாளை மட்டும் சொல்கின்றன. நம் வீட்டுப் பெட்டகத்துப் பவுனில் படிந்திருப்பது எரிமலையன்று. பல்லாண்டுகள் அதனை முடிந்து வைத்த துணியும், தொட்டு எடுத்த கைகளும், அப்பெட்டகத்தின் காற்றுமாக இருக்கலாம். அடுத்தமுறை அதனைக் கையில் எடுக்கும்போது, தேய்க்காமல் சற்று நேரம் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவோம்.